தாலித் தேங்காயும் பட்டாணியும்

சரவணா!

(புருஷன் பேரை இப்படிக் கூப்பிட்டா எங்க அத்தை முறைக்கும். முறைக்கட்டும். ‘ஏங்க, ஏங்க’ன்னு கூப்பிட்டுப் பாத்துட்டேன், நீங்க திரும்பலை.)

உங்கள் பட்டாணியை அபசகுனம் பிடித்த நாய் என்கிறார்கள். கல்யாணத்தன்றே அது தெரிந்துவிட்டதாம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்கிற கதை வேறு, நடந்தது வேறு. நீங்கள் இருந்தால் நீங்களே சொல்வீர்கள். இல்லாததால் நான் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள், எழுத்து அப்படி இப்படித்தான் இருக்கும்.

படிக்கிறவர்களுக்கு முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். சரவணன் என் வீட்டுக்காரர். குட்டி யானை ஓட்டினார் (சின்ன லோடு வண்டிங்க, கோயில் யானைன்னு நெனச்சுடாதீங்க). தொட்டியத்தில் தேங்காய் ஏற்றி வந்து ஸ்ரீரங்கத்துக் கடைகளுக்குப் போடுவார். பட்டாணி அவர் வளர்த்த நாட்டு நாய். வண்டியில் அதற்கென்று முன்சீட்டு. சும்மா உட்கார்ந்து வருகிற ஆள் இல்லை. தோப்பில் லோடு ஏற்றும்போது உருண்டு ஓடுகிற தேங்காயைக் குடுமியைக் கவ்வித் தூக்கி வந்து வண்டியில் போடும். குடுமி பிய்ந்தால் அர்ச்சனைக்கு ஆகாது என்று அதற்கும் தெரியும் போலிருக்கிறது, ஒரு நாரைக்கூடப் பிய்க்காது. (நாய் வாய் வச்ச தேங்காயா சாமிக்குன்னு கேக்காதீங்க. கழுவித்தான் போடுவாரு.)

நான் தென்னூர்ப் பெண். தெருவில் நாய் படுத்திருந்தால் மூன்று தெரு சுற்றிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போவேன். நிச்சயம் ஆன பிறகு அவர் போன் பண்ணுவார். அப்பா பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டு இருப்பார் என்பதால் எதைக் கேட்டாலும் ‘ம்’ என்பேன்.

“பட்டாணிதான் மாப்பிள்ளைத் தோழன். ஒனக்கு ஓகேதான?”

“ம்.”

“அவனுக்கு வேட்டிகூட எடுத்தாச்சு.”

“ம்.”

யாரோ கூட லோடு ஏற்றுகிற சிநேகிதன் என்று நினைத்துக்கொண்டேன். அது தப்பும் இல்லை.

புத்தூரில் ஒரு சின்ன மண்டபத்தில் கல்யாணம். தலை குனிந்து மேடைக்கு வந்தேன். குனிந்த தலைக்கு நேராக, பட்டுக்கரை வேட்டி, கழுத்தில் மல்லிகைச் சரம், நெற்றியில் சந்தனப் பொட்டோடு ஒரு நாய் உட்கார்ந்து என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. நான் பட்டுப்புடவையோடு நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டேன். (வீடியோவுல இருக்கு. கல்யாணப் பொண்ணு நாற்காலி மேல நிக்கிற ஒரே ஆல்பம் எங்களோடதுதான்.)

“எறங்கும்மா. உக்காரு. முகூர்த்தத்துக்கு நாழியாறது,” என்றார் ஐயர்.

“நாயி…”

“நாயி இல்ல, தோழன்,” என்றார் இவர் மெதுவாக. “நீதான ‘ம்’னு சொன்ன?”

அப்பா மேடைக்கே வந்துவிட்டார். “என்ன மாப்ள, கல்யாணமா சர்க்கஸா?”

“கோச்சுக்காதீங்க சம்பந்தி,” என்றது அத்தை. “அப்பன் இல்லாத புள்ளைக்கு அதுதான் கூடவே கெடக்குது. ஒரு ஓரமா உக்காந்துட்டுப் போவட்டும்.”

கடைசியில் மேடைக்குக் கீழே, படிக்குப் பக்கத்தில் உட்காரலாம் என்று முடிவானது. அதுவும் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேரைவிட ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

எங்கள் பக்கம் தாலிக்கயிற்றை ஒரு தேங்காயில் சுற்றித் தட்டில் வைத்து, சபையில் எல்லாரிடமும் காட்டி ஆசீர்வாதம் வாங்கி வருவார்கள். என் பெரியம்மா தட்டை எடுத்துக்கொண்டு போனார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாத்தா ஒருவர் தொட்டுக் கும்பிடட்டும் என்று பெரியம்மா குனிந்து தட்டைத் தாழ்த்தினார். பட்டாணியின் மூக்குக்கு நேராகத் தேங்காய். நல்ல நீளமான குடுமி.

வண்டி வாசலில் நிற்கிறது. தாம்பூலப் பைக்கான தேங்காயில் பாதி இன்னும் அதில் கிடக்கிறது. பட்டாணி கணக்கில் அது பாதி ஏற்றிய லோடு. ஒன்று மட்டும் இங்கே கிடந்தால்? வேலை தெரிந்த ஆள் சும்மா இருப்பானா?

பூப்போலக் கவ்வியது. திரும்பி நிதானமாக வாசலை நோக்கி நடந்தது. ஓடக்கூட இல்லை.

“ஐயய்யோ, தாலி!” என்று பெரியம்மா போட்ட சத்தத்தில் கையிலிருந்த தட்டு விழுந்தது. ஐயர் “பிடிங்கோ, பிடிங்கோ!” என்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். தவில்காரர் இவ்வளவு நேரமும் ஐயர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் பாவம். கெட்டிமேளம் அடித்துவிட்டார். அடித்ததும் சபை முழுக்க எழுந்து அட்சதையைப் போட்டது. மாப்பிள்ளை எப்போதோ மேடையைத் தாண்டிக் குதித்து நாய் பின்னால் போயாகிவிட்டது. தாலி இல்லை, மாப்பிள்ளை இல்லை. நான் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, தலையிலும் மடியிலும் அரிசியோடு, எல்லார் ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இதை அப்போது எழுதியிருந்தால் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன். இப்போது அந்த ஒற்றை ஆள் என்று எழுதும்போது கை நிற்கிறது.

வாசலில் கூட்டம். பட்டாணி தேங்காயை வண்டியில் போட்டிருக்கிறது, குவியல் சரிந்து அது எங்கேயோ உள்ளே போய்விட்டது. இவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குவியலுக்குள் தேடுகிறார். “முகூர்த்தம் போயிடப் போவுது!” என்று என் சித்தப்பா கத்துகிறார். கையை உள்ளே விட்டவர் மேலெல்லாம் தேங்காய் உருள்கிறது.

அப்பா உள்ளே வந்து என் கையைப் பிடித்தார். “எந்திரி. வீட்டுக்குப் போவோம். நாயை அடக்கத் தெரியாதவன் ஒன்னைய வச்சு என்ன வாழப்போறான்?”

எழுந்தேன். அப்பாவோடு போகத்தான் எழுந்தேன், பொய் சொல்ல மாட்டேன். வாசல் வரைக்கும் வந்ததும் இவர் தேங்காய்களுக்கு நடுவிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முகமெல்லாம் நார். அழுகிற மாதிரி இருந்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, “பட்டாணி, எறக்கு!” என்றார்.

கடையில் லோடு இறக்கும்போது சொல்கிற வார்த்தை அது. பட்டாணி உள்ளே மூக்கை நுழைத்து, முதல் தேங்காயை எடுத்து இறக்கியது. சாதாரணத் தேங்காய். இரண்டாவதும் அப்படியே. அடுத்ததில் மஞ்சள் கயிறு. அதை அவரிடம் கொண்டுபோகவில்லை. நேராக என்னிடம் வந்து, என் காலடியில் வைத்துவிட்டு, கூலிக்கு நிற்கிற மாதிரி நின்றது.

நாய்க்குப் பயந்து மூன்று தெரு சுற்றுகிறவள் நான். ஆனாலும் குனிந்து எடுத்துவிட்டேன். எப்படி எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அப்பா என் கையை விட்டுவிட்டார்.

ஐயர் தண்ணீர் தெளித்தார். “தோஷமெல்லாம் ஒண்ணுமில்லே. வாங்கோ, வாங்கோ, நேரம் இருக்கு.”

தவில்காரர் இந்த முறை மூன்று தடவை “அடிக்கட்டுமா சாமி?” என்று கேட்டுவிட்டுத்தான் அடித்தார்.

அன்றைக்குப் பந்தியில் முதலில் சிரித்தது பெரியம்மாதான். ரசம் புரையேறிவிட்டது அவருக்கு. அதற்கப்புறம் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் இந்தக் கதைதான். இவர் கடை கடையாகச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் நான் ஏறின நாற்காலி உயரமாகிக்கொண்டே போகும்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வரவில்லை.

துக்கத்துக்கு வந்த அதே பெரியம்மா, என்னைக் கட்டிக்கொண்டு அழுதபடியே சொன்னார்: “அன்னைக்கே நாயி தாலியத் தூக்கிட்டுப் போச்சே, எனக்கு அப்பவே மனசு சரியில்ல.” சுற்றி இருந்தவர்கள் எல்லாம் தலையை ஆட்டினார்கள். பந்தியில் சிரித்த அதே தலைகள். எங்களிடம் இருந்த ஒரே சிரிப்புக் கதை, ஒரே நாளில் சாவுக் கதையாகிவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் சித்தப்பா சாக்கும் கயிறுமாக வந்தார். பட்டாணி வண்டிக்கு அடியில் படுத்திருந்தது. சாப்பிட்டு எத்தனை நாளோ, எலும்பு தெரிந்தது.

“ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன் பாப்பா. அத வச்சுக்காத.”

எனக்குப் பெரியவர்களை எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லை. ‘ம்’ சொல்லியே வளர்ந்தவள். அன்றைக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது.

“இது எடுத்துட்டுப் போனதத் திருப்பிக் கொண்டாந்து குடுத்துச்சு சித்தப்பா. சாமி எடுத்துட்டுப் போனத இன்னும் குடுக்கல. யாரக் கொண்டுபோயி கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் விடப்போறீங்க?”

(கோயில் ஊர்ல இருந்துக்கிட்டு இப்படிப் பேசிட்டேனேன்னு அப்புறம் பயமா இருந்துச்சு. ரெங்கநாதரு படுத்திருந்தாலும் காதுல விழும்ல.)

சித்தப்பா சாக்கை மடிக்கவும் முடியாமல் விரிக்கவும் முடியாமல் நின்றார். அத்தைதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தது: “தம்பி, காப்பி ஆறுது. குடிச்சுட்டு நீங்க மட்டும் கெளம்புங்க.”

இப்போது சொந்தத்தில் இந்தக் கதை இரண்டு விதமாக ஓடுகிறது. பெரியம்மா வீட்டில் அழுதுகொண்டே சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் நானும் அத்தையும் நாற்காலியை இன்னும் கொஞ்சம் உயரமாக்கிச் சொல்லிக்கொள்கிறோம். பட்டாணி நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டது.

படித்தவர்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். கோயிலோ, தர்காவோ, சர்ச்சோ, எங்கே நிற்கிறீர்களோ அங்கே, சரவணன் என்று பேர் சொல்லி அவருக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். போன இடத்தில் நல்லபடியா இருக்கணும், அவ்வளவுதான். வேண்டும்போது சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவருக்கு அதுதான் பிடிக்கும்.