நர்சம்மா கூட்டிய கூட்டம்

"ஒரு ஈ காக்கா கூட வரலியே!" என்றாள் நர்சம்மா.

மில் குடியிருப்பின் மண்டபத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. 'கருப்பைவாய்ப் புற்றுநோய் தடுப்பு ஆலோசனை' என்று வாசலில் எழுதியிருந்த பலகையைப் பார்த்ததும் பெண்கள் எதிர்ப்பக்கமாக நடையைக் கட்டினார்கள்.

"வாசல்லயே அந்தப் பேரப் போட்டா யாரும்மா உள்ள வருவா?" என்றாள் ஆஸ்பத்திரி ஆயா.

போன வருடம் இதே குடியிருப்பிலிருந்து நூல் பிரிவுக்காரி ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நோயை முற்றவிட்டு வந்தாள். கடைசியில் அவள் கையைப் பிடித்திருந்தது நர்சம்மாதான். அதனால் விடுவதாக இல்லை.

மறுவாரம் பலகையில் 'பெண்கள் நலம்' என்று மாற்றினாள். நாலு பேர் எட்டிப் பார்த்து, தையல் மிஷின் கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்கடுத்த வாரம் வெறுத்துப்போய், 'மில் குடும்பங்களுக்கு முக்கிய அறிவிப்பு' என்று எழுதினாள்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. அத்தனை பேரும் ஆண்கள்!

"போனஸா, ஆள் குறைப்பா?" என்றார் போர்மேன். "எதுவானாலும் பட்டுன்னு சொல்லிடும்மா."

ஓடிவிடலாம் என்றால் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஆனது ஆகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். கருப்பைவாய் என்றாள், கிருமி என்றாள், போன வருடம் போனவளைச் சொன்னாள். யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். கண்ணைத் திறந்தால், அத்தனை பேரும் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூட்டை தூக்குகிறவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்தக் கிருமி வீட்டுக்குள்ள எப்படிம்மா வருது?"

"பெரும்பாலும் தாம்பத்தியத்துலதாங்க. யார்கிட்டேருந்து யாருக்குன்னு சொல்ல முடியாது. யார் மேலயும் குத்தமில்ல. ஆனா முப்பது வயசு தாண்டின பொம்பளைங்க, தொந்தரவு இல்லன்னாலும் அப்பப்ப சோதிச்சுக்கணும். கொஞ்ச நேர வேலை. புத்துநோயா மாறுறதுக்கு முன்னாடியே புடிச்சு நிறுத்திடலாம்."

"சோதிக்கும்போது அவளுக்கு வலிக்குமா?" என்றார் போர்மேன். மிஷின் சத்தத்தையே அதட்டி அடக்கும் அந்தக் குரல் உடைந்திருந்தது.

"லேசா சங்கடமா இருக்கும். அவ்வளவுதாங்க."

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கலைந்தார்கள்.

மறுநாள் காலை ஆயா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அம்மா, வெளிய வந்து பாரு!"

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தெருமுனை திரும்பியும் நீண்டிருந்தது வரிசை. எல்லாரும் பெண்கள். கைக்குழந்தையோடு சிலர், வேலை உடுப்போடு சிலர். அந்த முரட்டு மனுஷர்களா வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் எடுத்துச் சொன்னார்கள்? உலகத்தில் இப்படியும் நடக்குமா? அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உங்க வீட்டுக்காரருங்க எல்லாத்தையும் விவரமா சொல்லிட்டாங்களா?" என்றாள்.

முன்னால் நின்ற போர்மேன் மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"சொல்றதாவது! ஒருத்தரும் வாயே தொறக்கல. நேத்து உங்க கூட்டத்துக்கு வந்துட்டுப் போனதுலேருந்து பாத்திரம் கழுவுறாங்க, கால் புடிச்சு விடட்டுமாங்கறாங்க, எங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து மூக்கை உறிஞ்சுறாங்க. எங்க ஆம்பளைங்கள என்ன பண்ணினீங்க நர்சம்மா? அதைச் சொல்லாம நாங்க ஒருத்தரும் இங்கேருந்து நகரமாட்டோம்!"