முதல் கட்ட மாரத்தான்

நகர மக்களின் உடல்நலத்தைக் கருத்தில் கொண்டு மாபெரும் மாரத்தான் ஓட்டம் ஒன்றை நடத்துவதென்று மாநகராட்சி ஒருமனதாகத் தீர்மானித்தது. குப்பையை அள்ளாமல் விடுவது, கொசுவை வளர்த்து ஆளாக்குவது ஆகிய பணிகளை இதுவரை ஒருமனதாகச் செய்து வந்த அதே மாநகராட்சிதான். மக்களின் உடல்நலத்தின் மேல் அதற்கு எப்போதும் ஒரு கண் உண்டு.

மாரத்தான் என்றால் நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே ஓட வேண்டும் என்று விவரம் தெரிந்த யாரோ எடுத்துச் சொன்னார்கள். அவ்வளவு தூரத்துக்கு இந்த ஊரில் சாலை ஏது? குழிக்கும் குழிக்கும் நடுவே மிச்சம் இருப்பதை எல்லாம் கூட்டிச் சேர்த்தாலும் பத்து கிலோமீட்டருக்கு மேல் தேறாது. ஆகவே, "முதல் கட்டமாகப் பத்து கிலோமீட்டர் ஓடப்படும். எஞ்சிய தூரம் நிதி ஒதுக்கீடு கிடைத்தவுடன் ஓடி முடிக்கப்படும்" என்று அறிவிப்பு வெளியானது.

பரிசுக்கும் நிதி இல்லை. அதனால் ஆணையர் யோசித்து யோசித்து, செலவே இல்லாத ஒரு பரிசைக் கண்டுபிடித்தார். "எல்லைக்கோட்டை முதலாவதாகக் கடக்கும் ஓட்டக்காரரின் மனு ஒன்று அன்றைய தினமே ஆணையரால் பரிசீலிக்கப்படும்."

அவ்வளவுதான், ஊரே எழுந்து உட்கார்ந்துவிட்டது. தங்கக் காசு கொடுத்திருந்தால்கூட இவ்வளவு பேர் பெயர் கொடுத்திருக்க மாட்டார்கள். இந்த ஊரில் ஆண்டவனை நேரில் பார்த்ததாகச் சொல்பவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். தன் மனு பரிசீலிக்கப்பட்டதைப் பார்த்ததாகச் சொல்பவர் ஒருவரும் இல்லை.

பெயர் கொடுத்தவர்களில் சலூன் மாஸ்டரும் ஒருவர். முன்பக்கம் சலூன், பின்பக்கம் வீடு. இரண்டுக்கும் ஒரே வாசல், அந்த வாசலுக்கு நேரே சாக்கடை. சாக்கடைக்கு ஒரு காலத்தில் மூடி இருந்தது. மாநகராட்சியின் குப்பை லாரி ஒருநாள் வழி தவறி அந்தத் தெருவுக்குள் வந்து, அதன் மேல் ஏறி, அதை இரண்டாகப் பிளந்துவிட்டுப் போனது. அடுத்த வாரம் மாஸ்டரின் மனைவி பால் வாங்கப் போனவள் உள்ளே விழுந்தாள். இடது கால் எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கால் பழையபடி ஆகவில்லை. கோலை ஊன்றி வீட்டுக்குள் நடப்பாள், வாசலைத் தாண்ட மாட்டாள். குழியைப் பார்த்தாலே உடம்பு நடுங்குகிறது என்பாள்.

மாஸ்டர் கொடுக்காத மனு இல்லை. கடைசியில் பொறுமை போய், ஒரு பழைய மரக் கதவை எடுத்துக் குழியின் மேல் போட்டார். மறுநாள் காலையில் லாரி, மேற்பார்வையாளர், ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். 'பொதுச் சாக்கடையின் மீது தனியார் கதவு' என்பது ஆக்கிரமிப்பாம். கதவை அள்ளிக்கொண்டு போனார்கள். குழியை விட்டுவிட்டார்கள், அது அவர்களுடையது அல்லவா!

"நான் ஓடப் போறேன்" என்று மாஸ்டர் மனைவியிடம் சொன்னார்.

"எங்கேயாவது ஓடிப் போங்களேன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றேன். இப்பத்தான் காதுல விழுந்துச்சா?"

"விளையாட்டு இல்லடி. ஜெயிச்சா குழியை மூடச் சொல்லி மனு குடுப்பேன். அன்னிக்கே பார்ப்பாங்களாம்."

"தெருமுனை வரைக்கும் ஒரு தடவை நடந்து போயிட்டு வந்தாப் போதும் எனக்கு" என்றாள். மாஸ்டர் மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டார்.

மச்சினன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான். ஓடிக்கொண்டிருந்தான் என்றால், ஓடுவதற்கான சாமான்களை வாங்கிக்கொண்டிருந்தான். வானவில் நிறத்தில் காலணி, தோலோடு ஒட்டிய கால்சட்டை, இடுப்பில் குட்டிக் குட்டித் தண்ணீர்ப் புட்டிகள், கையில் ஒரு கடிகாரம். கால் வலிக்கிறதா என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வான்.

"மாமா, இந்த ரப்பர் செருப்போட ஓடினீங்கன்னா முட்டி போயிடும்."

"உங்கக்காவுக்கு ஓடாமலே போச்சேடா மாப்பிள்ளை."

"மூச்சை அளந்து விடணும் மாமா. எங்க குழுவில அதுக்குத் தனி வகுப்பே இருக்கு."

"பொறந்ததுலேருந்து அளக்காமத்தான் விட்டுட்டிருக்கேன். இதுவரைக்கும் தீரல."

ஓட்ட நாள் வந்தது. விடிகாலையிலேயே நகரின் முக்கியச் சாலைகள் எல்லாம் மூடப்பட்டன. துணை ஆணையர் மேடையேறி, ஓட்டத்தின் அவசியம் குறித்து வெயில் ஏறும்வரை உரையாற்றினார். பாதிப் பேருக்கு நின்றே கால் கடுத்துவிட்டது. கொடி அசைந்ததும் மச்சினனின் குழு ஓடவில்லை. எல்லாரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அது சரியாக விழவில்லை என்று மறுபடி எடுத்தார்கள். சிலருடைய கடிகாரம் வானத்தோடு தொடர்பு கிடைக்காமல் தவித்தது. கடிகாரம் கணக்கில் எடுக்காத ஓட்டத்தை ஓடி என்ன பயன் என்று அவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

மாஸ்டருக்கு அந்தக் கவலை இல்லை. கதவை அள்ளிப் போனவர்களின் முகத்தை நினைத்துக்கொண்டார், கால் தானாகப் பறந்தது. வழியில் தண்ணீர்ப் பந்தலில் ஒரு குமாஸ்தா கையைக் குறுக்கே நீட்டினார். "கையெழுத்துப் போட்டுட்டுக் குடிங்க. பெயர், வயசு, தாகத்துக்குக் காரணம்." மாஸ்டர் தாகத்தோடேயே ஓடினார். கடைசித் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஆளே இல்லை. எதிரே எல்லைக்கோடு. அதன் குறுக்கே பளபளவென்று சிவப்பு ரிப்பன்.

மாஸ்டர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்.

"ஏய்! ஏய்! நில்லுங்க! யாரய்யா அது, ரிப்பனைத் தொடறது?"

விழா அலுவலர் ஓடி வந்து மார்பில் கை வைத்து நிறுத்தினார். அன்றைக்கு அந்த ஊரிலேயே உயிரைக் கொடுத்து ஓடியவர் அவர்தான்.

"ஐயா, நான்தான் முதல்ல வந்திருக்கேன்."

"வந்திருக்கீங்க, சந்தோஷம். ரிப்பன் இன்னும் வெட்டலையே? ஆணையர் வந்து வெட்டணும். அப்புறம்தான் திறந்ததா அர்த்தம்."

"இது திறக்குற ரிப்பன் இல்லீங்க. ஓடி வர்றவன் நெஞ்சால அறுத்துக்கிட்டுப் போற ரிப்பன்."

அலுவலர் அதிர்ந்துபோனார். "நெஞ்சாலயா? முப்பது வருஷ சர்வீஸ்ல எத்தனை கட்டடம், எத்தனை கழிப்பறை திறந்திருக்கேன். ஒருத்தராவது நெஞ்சால திறந்து பார்த்ததில்லை. அதோ பாருங்க, தாம்பாளம் இருக்கு, பட்டுத்துணி இருக்கு, கத்தரிக்கோல் இருக்கு."

"வெட்டுறதுதான் விஷயம்னா கத்தரிக்கோலை என்கிட்ட குடுங்க. நித்தமும் நான் பார்க்குற வேலை அதுதான்."

"நீங்க வெட்டினா அது சேதம். ஆணையர் வெட்டினாத்தான் விழா."

"குனிஞ்சு போகட்டுமா?"

"அது அத்துமீறல்."

"சுத்திப் போனா?"

"தகுதி நீக்கம்."

அதற்குள் அடுத்தடுத்து ஆட்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். அலுவலர் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார். முதியவர்களை முன்னால் விடச் சொன்னார், பெண்களுக்குத் தனி வரிசை போட்டார். மாநகராட்சி ஊழியர்கள் வந்ததும் அவர்களுக்கு வரிசை தேவையில்லை என்றார். கொஞ்ச தூரம் ஓடி, மிச்சத்துக்கு ஒரு சந்து வழியாக ஆட்டோவில் வந்து இறங்கிய மச்சினன், யாரையோ தெரியும் என்று மாஸ்டருக்கு முன்னால் போய் நின்றான். முதல் ஆளாக வந்த மாஸ்டர், நின்ற இடத்தில் நின்றபடியே பின்தங்கிக்கொண்டிருந்தார்.

"ஆணையர் எங்கேதான் இருக்கார்?" என்று ஒருவர் கத்தினார்.

அலுவலர் ஆணையரின் ஓட்டுநருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். ஆணையரின் கார் நாலு தெரு தள்ளி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. போனில் ஒரு காவலரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"சாலை மூடியிருக்குங்க. ஆணையர் உத்தரவு. யார் வந்தாலும் விடக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"யோவ், நான்தான்யா ஆணையர்!"

"அப்போ உங்களுக்கே தெரிஞ்சிருக்குமேங்க."

"இப்ப நான் எப்படித்தான்யா போறது?"

"ஓட்டக்காரங்க மட்டும் போகலாம். நெஞ்சில நம்பர் குத்தியிருக்கணும்."

சட்டம் என்றால் சட்டம்தான், அதுவும் தானே போட்ட சட்டம். நடைபாதையில் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் நம்பரை வாங்கி, கோட்டின் மேல் குத்திக்கொண்டு, ஆணையர் நடந்தே வந்து சேர்ந்தார். கூட்டம் கை தட்டியது. அவர் தாம்பாளத்திலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார், ரிப்பனை வெட்டினார், படம் எடுப்பவர் "ஒரு அடி முன்னால வாங்க சார்" என்றதும் ஒரு அடி முன்னால் வைத்தார்.

எல்லைக்கோட்டில் நேரம் குறிக்க உட்கார்ந்திருந்த பொறியாளர் விசிலை ஊதிவிட்டார்.

நெஞ்சில் நம்பர் இருக்கிறது. கோட்டை முதலில் கடந்திருக்கிறார். விதியில் வேறொன்றும் சொல்லவில்லை. நகரின் முதல் மாரத்தானில் ஆணையரே முதலிடம் பெற்றதாக ஒலிபெருக்கி அறிவித்தது. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, பக்கத்தில் இருப்பவர் கை தட்டுகிறாரே என்று எல்லாரும் தட்டினார்கள்.

மாஸ்டர் தட்டவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய், "ஐயா! என் வீட்டு வாசல்ல சாக்கடைக்கு மூடி இல்லீங்க! என் பொண்டாட்டி கால் போச்சுங்க!" என்று அலறினார்.

ஆணையர் நெகிழ்ந்துபோனார். கேமராவும் அருகில் இருந்தது. "எனக்கென்று ஒரு மனுவும் இல்லை. இந்த ஏழைச் சகோதரரின் குறையே என் மனு" என்று அங்கேயே எழுதி, வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்கிக்கொண்டார். படம் எடுப்பவர் தவறவிட்டுவிட்டதால் இன்னொரு முறை கொடுத்து இன்னொரு முறை வாங்கினார். மாஸ்டர் கண்ணீர் விட்டு அழுதார்.

வீட்டுக்கு வந்து சொன்னதற்கு, "மூடினப்புறம் சொல்லுங்க" என்றாள் மனைவி. ஆனாலும் அன்று சாயங்காலம் கட்டிலுக்கு அடியில் கிடந்த வெளிச் செருப்பைத் துடைத்து வைத்தாள்.

பல நாள் பார்த்துவிட்டு மாஸ்டர் அலுவலகத்துக்குப் போனார். குமாஸ்தா கோப்பைப் புரட்டி, மரியாதையாகவே வாசித்தார். "மனு அன்றைய தினமே பரிசீலிக்கப்பட்டது. மனுதாரர் மேற்படித் தெருவில் வசிப்பவர் அல்லர். ஆகவே நிராகரிக்கப்பட்டது."

"நிராகரிச்சது யாருங்க?"

"ஆணையர்தான்."

"மனு குடுத்தது?"

"அவரேதான். தன்னோட மனுன்னுகூடப் பார்க்காமத் தள்ளியிருக்கார் பாருங்க. இந்தக் காலத்துல யாருங்க இவ்வளவு நேர்மையா இருக்காங்க?"

மாஸ்டர் கோப்பைத் தன் பக்கம் திருப்பி, அதே வரியைத் தானும் ஒருமுறை வாசித்துப் பார்த்தார்.

"ரெண்டாம் கட்ட ஓட்டம் வருது" என்று குமாஸ்தாவே ஆறுதல் சொன்னார். "நல்லாப் பயிற்சி எடுங்க."

பயிற்சி ஊர் முழுக்கத் தொற்றியிருந்தது. படியேறி மாடிக்குப் போகாதவர்களெல்லாம் காலணி வாங்கினார்கள். மாமாவின் வாசலில் ஒரு குழி இருப்பது மச்சினனுக்குத் திடீரென்று நினைவு வந்தது. குழுவோடு வந்து அளந்து பார்த்துவிட்டு, "குழி தாண்டுறது தொடைக்கு ரொம்ப நல்லது மாமா" என்றான். தினமும் காலையில் வந்து தாண்டினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் நாலு குழு வந்தது. தாண்டியவர்களுக்குத் தலை வேர்த்தது, வேர்த்த தலைகள் எல்லாம் சலூனுக்குள் வந்தன. காதுக்கு மேலே ஒட்ட வெட்டி, காற்று எளிதாகப் போகும்படி ஒரு வெட்டு வெட்டினார் மாஸ்டர். அதற்கு ஓட்டக்காரர் வெட்டு என்று பெயரும் விழுந்துவிட்டது. அவர் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டார். பிறகு ஒரு கடிகாரமும் வாங்கினார்.

அப்படி ஒரு காலையில்தான் அந்த லாரி வந்தது. பின்னால் சிமெண்ட் மூடிகள். மேற்பார்வையாளர் இறங்கி, "இந்தச் சாக்கடைக்கு மூடி போட வந்திருக்கோம். நீங்க குடுத்த முதல் மனுங்க. இப்பத்தான் மேலேருந்து இறங்கிச்சு" என்றார்.

தாண்ட வந்திருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "பயிற்சிக் குழியை மூட விட மாட்டோம்!" என்று மச்சினன் குரல் கொடுத்தான். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

மாஸ்டர் கையில் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். லாரியைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். திரும்பி, உள்ளே நிரம்பியிருந்த நாற்காலிகளையும், சுவரோரம் காத்திருந்தவர்களையும் பார்த்தார். கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பயனாளிகளைக் கலந்து பேசாமத் திடீர்னு மூட முடியாதுங்க. எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பரிசீலிக்கிறேன்."

கூட்டம் கை தட்டியது. இப்படித் தெளிவாகப் பேசும் ஒரு குடிமகனைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று மேற்பார்வையாளர் கும்பிட்டுவிட்டு லாரியில் ஏறினார். வந்த மூடிகள் வந்தபடியே திரும்பிப் போயின.

கை தட்டல் ஓய்ந்த பிறகுதான் மாஸ்டர் திரும்பினார். வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள். லாரிச் சத்தம் கேட்டுக் கோலை ஊன்றி வந்திருக்கிறாள். புடவை மாற்றியிருந்தாள். காலில் வெளிச் செருப்பு.

"நானும் ஒரு மனு வெச்சிருக்கேன். இங்கேயே வாங்கிப்பீங்களா, இல்ல நானும் ஓடி வந்துதான் குடுக்கணுமா?"