கோவளத்தில் இறங்காத பாதரசம்

மேற்குத் தாம்பரம்,
மே, 1977

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை துரைராஜ் அவர்களுக்கு, மாமனார் வேதசிரோமணி ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு சுகம். பூனாவில் தங்கள் சுகமும் ஜெயசீலி, பேரன் சுகமும் அறிய ஆவல்.

ஈஸ்டர் சாப்பாட்டின்போது, உலகத்து வானிலையைக் கணக்குப் போடும் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர், கடலுக்கு நாள் முழுக்க ஒரே சூட்டைத்தான் வைத்துக்கொள்கிறது என்று சொன்னீர்கள். ரிட்டயரான பூகோள வாத்தியார் சும்மா இருப்பானா? மத்தியான வெயில்ல மேல்தண்ணி சூடாகாதா, ராத்திரி ஆறாதா, அதை விட்டுட்டா சாயங்கால மேகத்தை உங்க மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கும், எங்க மொட்டைமாடித் தொட்டிக்குத் தெரிஞ்சதுகூட அதுக்குத் தெரியலையேன்னு எல்லார் முன்னாலும் கேட்டுத் தொலைச்சேன். நீங்கள் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினீர்கள். பேரனுக்கு ஞானஸ்நானம் தாம்பரத்தில் இல்லை, பூனாவிலேயே என்று ஜெயசீலி கடிதம் போட்டாள். அன்றிலிருந்து உங்கள் அத்தை எனக்குக் காப்பி டம்ளரை வைக்கிற சத்தமே வேற.

சண்டையில ஜெயிச்சா சமாதானம் ஆயிடும்னு நினைக்கிற மூளை என்னுடையது. பழைய பள்ளிக்கூடத்தில் கெஞ்சி ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, உடையாம இருக்கட்டும்னு இளஞ்சூடா இருந்த இட்லிப் பொட்டலத்துக்கு நடுவுல செருகி, முதல் பஸ்ஸைப் பிடிச்சு, கேளம்பாக்கத்துல மாறி, கோவளம் போயிட்டேன். சவுரிமுத்து என்கிற மீனவர் படகில் ஏற்றிக்கொண்டார். வாளியில் தண்ணி மொண்டு பார்த்தா ஃபாரன்ஹீட்ல தொண்ணூத்தாறு டிகிரி. "இன்னா சார், கடலுக்கு ஜொரமா?" என்றார். கொஞ்சம் ஜாஸ்திதான், கத்திரி வெயிலாச்சேன்னு என்னை நானே தேத்திக்கிட்டேன். மத்தியானமும் தொண்ணூத்தாறு. அதுக்குள்ள அவர் வாளியில நண்டு போட்டு வச்சிருக்க, பார்க்காம கையை விட்டு விரல் வீங்கிப்போச்சு. வெயில் தாழ்ந்து பார்த்தாலும் அதே தொண்ணூத்தாறு.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் மெஷின் சொன்னதே சரி. கடல் அசையவில்லை, நான் தோற்றேன். நான் பேசியதை மன்னித்து ஞானஸ்நானத்தை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். நம் சர்ச் பாதிரி அய்யரிடம் நாளும் கேட்டு வைத்திருக்கிறேன். பேரனைத் தூக்கி மடியில் வைக்காமல் கை சும்மா கிடக்கிறது. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

அன்புள்ள மாமா,
வேதசிரோமணி

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது சும்மா அந்தத் தெர்மாமீட்டரைக் கிணத்துத் தண்ணியில முக்கிப் பார்த்தேன். தொண்ணூத்தாறு. நர்ஸாக இருந்தவள் அல்லவா உங்கள் அத்தை, கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஜொரம் பார்க்கறது மாதிரி, ஏறினா தானா இறங்காது. உதறினீங்களா?" என்றாள். உதறலை. வருஷா வருஷம் போர்டுல படம் போட்டு இதைப் பாடம் நடத்தினவன் நான். அன்னிக்குப் பூரா நான் அளந்தது கடலை இல்லை மாப்பிள்ளை, இட்லியை. ஆகையால் மெஷின் சரி என்று மேலே எழுதியது ரத்து. மன்னிப்பையும் அடிக்கலாம்னு பேனாவைத் திறந்தேன். "ஏறினா இறங்காதது இந்த வீட்டுல அது ஒண்ணு மட்டுமா?" என்று உங்கள் அத்தை பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். இது பென்சிலில் எழுதுகிறேன். மன்னிப்பு மையில் அப்படியே இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வாங்க.