மாப்பிள்ளைச் சிலேட்டும் மஞ்சத்தண்ணியும்

இந்த வருஷம் நனைவதில்லை என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்த இடம், அனுப்பர்பாளையத்தில் உள்ள என் பனியன் கம்பெனி. நேரம், காலை பத்தரை. சாட்சி, மேசை மேல் ஆறிக்கொண்டிருந்த டீ.

விஷயம் இதுதான். என் மனைவி தமிழ்மதிக்கு மடத்துக்குளத்துக்குப் பக்கத்தில் ஊர். பங்குனியில் அங்கே மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. செவ்வாய்க்கிழமை பூவோடு என்னும் தீச்சட்டி. புதன்கிழமை மாவிளக்கு. வியாழக்கிழமை மஞ்சள் நீர். முதல் இரண்டு நாளும் அம்மனுக்கு. மூன்றாம் நாள் மாப்பிள்ளைகளுக்கு. கொழுந்தியாள் முறை உள்ள பெண்கள் அண்டா நிறைய மஞ்சளைக் கரைத்து வைத்துக்கொண்டு, அகப்பட்ட மருமகன் தலையில் எல்லாம் ஊற்றுவார்கள். மருமகன் கோபப்படக் கூடாது. ஓடக் கூடாது. சிரிக்க வேண்டும்.

எனக்குக் கொழுந்தியாள் முறை ஒன்பது பேர்.

தண்ணீருக்கு நான் பயந்தவன் இல்லை. சாயத்துக்குத்தான் பயம். இருபது வருஷமாகப் பனியன் தொழிலில் இருக்கிறேன். எத்தனை முறை துவைத்தாலும் போகாத சாயம் வேண்டும் என்று நான் ஏறி இறங்காத சாயப்பட்டறை இல்லை. கடைசியில் அது என் மாமியார் வீட்டு அண்டாவில் இருந்தது. போன வருஷம் வியாழக்கிழமை நனைந்தேன். வெள்ளிக்கிழமை, எங்களிடம் சரக்கு வாங்கும் டென்மார்க் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். பனியனைப் பார்க்க வந்தவர் என் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் மரியாதையாக, டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

இந்த வருஷமும் அவர் வெள்ளிக்கிழமைதான் வருகிறார். ஆகவே புதன்கிழமை மாலையே மாமனார் ஊரிலிருந்து கிளம்பிவிட வேண்டும். அதைத் தமிழ்மதியிடம் சும்மா சொல்லிவிட முடியாது.

"ஏனுங்க, இந்த வருசம் மூணு நாளும் இருக்கோணுமுங்க."

"கம்பெனி இருக்குதே தமிழு."

"எங்கக்கா ஊட்டுக்காரரு வருசா வருசம் இருக்கறாரு. அவருக்குப் பண்ணையில பத்தாயிரம் கோழி. உங்களுக்கு இருவது தையல் மிசினு. மிசினுக்குத் தீனியா வெக்கறீங்க?"

"மிசினுக்கு வேண்டாம். வெளிநாட்டுக்காரனுக்கு மெயில் போடோணுமே."

"அந்தச் சிலேட்ட எடுத்துட்டு வந்து அங்கிருந்தே போடுங்க. போன வருசம் ஒண்ணுதான் முழுசா இருந்தீங்க. அதுக்கு முந்தியெல்லாம் பாதியில ஓடியாந்துட்டீங்க. உம்பட ஊட்டுக்காரரு எங்க, எங்கன்னு எல்லாரும் என்னைய கேக்கறாங்க. எத்தன பேருக்குத்தானுங்க நா பொய் சொல்றது?"

சிலேட்டு என்று அவள் சொன்னது என் டேப்லட்டை. அதை 2006-ல் கோயம்புத்தூரில் வாங்கினேன். மடக்கினால் பலகை மாதிரி ஆகிவிடும். கண்ணாடியின் மேலேயே பேனாவால் எழுதலாம். அதை முதல் முறை பார்த்த என் மாமியார், "மாப்பிள்ளைக்கு இப்பத்தான் சிலேட்டு வாங்கிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அது சிலேட்டு.

அந்தச் சிலேட்டைப் பார்த்ததும் எனக்கு யோசனை பிறந்தது.

"சரி தமிழு. ஒரே பேச்சு. அங்கிருந்து மெயில் போச்சுன்னா மூணு நாளும் இருக்கறேன். போகலைன்னா புதன்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிருவேன். நீ ஒண்ணும் சொல்லக் கூடாது."

"போச்சுன்னா, மஞ்சத்தண்ணி வரைக்கும் இருப்பீங்க?"

"இருப்பேன்."

"எங்கப்பாகிட்டச் சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

அவள் உடனே போன் போட்டுக் கொடுத்தாள். சொன்னேன். என் மாமனார் மயில்சாமி அதிகம் பேசாதவர். "சரிங்க மாப்பிள்ளை" என்று வைத்துவிட்டார்.

இங்கே மின்னஞ்சலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெயிலுக்கு இரண்டு வாசல் உண்டு. ஒன்று மெயில் உள்ளே வருவதற்கு. மற்றது வெளியே போவதற்கு. இரண்டையும் தனித்தனியாகத்தான் திறக்க வேண்டும். அலுவலகத்து லைனில் இருக்கும்வரை வெளி வாசலில் யாரும் எதுவும் கேட்பதில்லை. வெளியூர் போய், வேறு லைனிலிருந்து அனுப்பினால், "நீ யார், பாஸ்வேர்டைக் காட்டு" என்று அங்கே கேட்பார்கள். காட்டுவதற்கு டேப்லட்டுக்குள் சின்னதாக ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு டிக் இருந்தால் மெயில் போகும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடும்.

கிளம்புவதற்கு முன்னால் நான் அந்த டிக்கை எடுத்துவிட்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. பெரிய வேலைகள் எல்லாம் இப்படிச் சின்னதாகத்தான் இருக்கும்.

அடுத்தது ராஜ்கமல். என் கம்பெனியில் மெயில்களைக் கவனிப்பவன். தேனிப் பக்கத்துக்காரன்.

"ராஜ்கமலு, புதன்கிழமை நாலு மணிக்கு எனக்கு ஒரு மெயில் போடு. லேபிள் அச்சுக்குப் போகுது, ஆறு மணிக்குள்ள பதில் வேணும்னு எழுது."

"லேபிளு போன வாரமே அச்சாயிருச்சேண்ணே."

"தெரியும். நீ எழுது. நா பதில் போடுவேன், அது போகாது. உடனே நா கிளம்பி வந்துருவேன்."

"அண்ணிக்குத் தெரிஞ்சா என்னைய வஞ்சுபுடுவாங்கண்ணே."

"தெரியாது."

"தெரியாதுன்னு நீங்க சொன்ன எதுண்ணே இதுவரைக்கும் தெரியாமப் போயிருக்கு?"

வேலை தெரிந்த பையன்தான். வாய்தான் அதிகம்.

புதன்கிழமை வந்தது. மாவிளக்கு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மாமனார் நாற்காலியில். என் சகலை சாமியப்பன், அதாவது அந்தப் பத்தாயிரம் கோழிக்காரர், பாயில். கடைசிக் கொழுந்தியாள் மயிலாள் மறுநாளைக்கு மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இடிக்கும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நாலு மணிக்கு மாமனாருடைய டெலிபோன் வயரைக் கழற்றி டேப்லட்டில் செருகினேன். அது கீச்சென்று கத்தி, கரகரத்து, பிறகு அமைதியானது. மெயில் வந்தது. நான் நெற்றியைச் சுருக்கினேன்.

"என்னங்க?" என்றாள் தமிழ்மதி.

"கொழந்தைங்க பனியன் லேபிள். வயசப் போடறதா, ஒசரத்தப் போடறதான்னு கேக்கறாங்க. ஆறு மணிக்குள்ள சொல்லோணுமாம். அவசரம்."

"சொல்லீருங்க."

பேனாவால் அழகாக எழுதினேன். அனுப்பு என்பதைத் தட்டினேன். சிவப்பாக ஒரு பெருக்கல் குறி வந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி சிவப்பு. மூன்றாவது முறை, தட்டிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டேன். அந்தப் பெருமூச்சை வீட்டிலேயே இரண்டு தரம் பழகியிருந்தேன்.

"போகல தமிழு."

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். சிவப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"அப்பச் சரிங்க. பேச்சுன்னா பேச்சு. கிளம்புங்க. அஞ்சு மணிக்கு உடுமலைப் பஸ் இருக்குது."

என் பையை அவளே எடுத்து வந்தாள். மாமியார் முறுக்குப் பொட்டலம் கொடுத்தார். மயிலாள் உலக்கையை நிறுத்திவிட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு சின்ன டிக், ஒன்பது கொழுந்தியாள்களைத் தோற்கடித்துவிட்டது. செருப்பில் ஒரு காலை நுழைத்தேன்.

அப்போதுதான் தமிழ்மதி அவள் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். மெதுவாக என்றால், எனக்குக் கேட்கும்படி மெதுவாக.

"பாவமுங்கப்பா. இவருக்கு இந்த மிசினெல்லாம் வராதுங்க. கம்பெனியில எல்லாம் அந்த ராஜ்கமலுதான் பாத்துக்கறது."

செருப்புக்குள் போன கால் நின்றது.

"யாருக்கு வராது?"

"உங்களுக்குத்தானுங்க. பரவால்ல, நீங்க கிளம்புங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"வயரு கோளாறு, தமிழு. எனக்கு வராம இல்ல."

"வயரு நல்லாத்தானுங்க இருக்குது. வர்ற மெயிலு வந்துருச்சே."

சாமியப்பன் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "உடுங்க சகலை. தெரியாததுல ஒண்ணும் தப்பில்லீங்க. அதுக்குத்தான் நா இதெல்லாம் வாங்கறதில்ல. கோழின்னா றெக்கையப் புடிச்சாலே எடை சொல்லிருவேன்."

"தெரியாதுன்னு யாருங்க சொன்னது?"

"மாமா, வாங்கறப்பவே கடைக்காரருகிட்டக் கேட்டுட்டு வந்திருக்கலாமுங்க" என்றாள் மயிலாள்.

"கடைக்காரரு சொன்னாருடி" என்றாள் தமிழ்மதி. "ஒரு மணி நேரம் சொன்னாரு. இவரு தூங்கிட்டாரு."

நான் தூங்கவில்லை. கடைக்காரரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டு, அவர் தண்ணீர் குடிக்கப் போகும்படி செய்தவன் நான். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்னொரு கால்தான் பாக்கி. அதையும் செருப்பில் நுழைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, அதிகம் பேசாத என் மாமனார் பேசினார். ரொம்ப அன்பாகப் பேசினார்.

"மனசுல வெச்சுக்காதீங்க மாப்பிள்ளை. வயசாயிட்டா இதெல்லாம் மண்டையில ஏறாதுங்க."

அவருக்கு எழுபத்தொன்று. எனக்கு நாற்பத்து நான்கு.

பையைக் கீழே வைத்தேன். இரண்டு செருப்பையும் கழற்றினேன்.

"எல்லாரும் இப்படி வாங்க" என்றேன்.

வந்தார்கள். டேப்லட்டை நடுவில் வைத்தேன்.

"சகலை, உங்க கோழிப்பண்ணைக்குத் தீனி வண்டி வந்தா வாட்ச்மேன் என்ன பண்ணுவாரு?"

"கேட்டத் தொறந்து உடுவாருங்க."

"கோழி வண்டி வெளிய போனா?"

"சீட்டக் கேப்பாருங்க. சீட்டு இல்லாம ஒரு முட்டை வெளிய போகாதே."

"அதேதான். எங்க கம்பெனியிலயும் கேட் பாஸ் இல்லாம ஒரு பனியன் வெளிய போகாது. மெயிலும் அப்படித்தான். உள்ள வர்றதுக்குச் சீட்டு வேண்டாம். வெளிய போறதுக்கு வேணும். நாம இப்ப அசலூருல இருக்கறோம், வாட்ச்மேனுக்கு நம்ம மூஞ்சி தெரியாது. சீட்டு எங்க இருக்குது? இங்க, இந்தப் பக்கத்துல. இந்தக் கட்டம் காலியா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க மாமா."

"இப்பப் பாருங்க."

பேனாவை உயர்த்தினேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். டிக் வைத்தேன். அனுப்பு என்பதைத் தட்டினேன். நீலக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஓடியது. பாதியில் நிற்குமோ என்று எனக்கே பதைத்தது. நிற்கவில்லை. மெயில் போய்விட்டது.

கூடமே கை தட்டியது. சாமியப்பன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மயிலாள், "எங்க மாமாவுக்கா தெரியாது?" என்றாள். மாமியார், மாப்பிள்ளை சொன்ன பேச்சைச் சிலேட்டு கேட்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் எனக்காக எழுந்து நின்றது அன்றுதான். வாழ்க்கையில் இப்படி ஒரு வெற்றி எனக்குக் கிடைத்ததே இல்லை. "இதுல ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் மூளை வேணும், அவ்வளவுதான்" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னேன்.

தமிழ்மதியையும் பார்த்துச் சொல்லலாம் என்று திரும்பினேன். அவள் என் பையைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"மெயிலு போயிருச்சில்லீங்க. நாளைக்கு இந்த வெள்ளச் சட்டையப் போட்டுக்கங்க. மஞ்ச நல்லாப் புடிக்கும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கி முடிப்பதற்குள் டேப்லட் மணி அடித்தது. ராஜ்கமலின் பதில். ஆங்கில எழுத்தில் தமிழ். "அண்ணே, போகாதுன்னு சொன்னீங்க, வந்துருச்சே? இப்ப நான் என்ன செய்ய?"

என் தோளுக்கு மேலே தமிழ்மதி அதை நிதானமாக, இரண்டு முறை படித்தாள்.

"என்னங்க மாப்பிள்ளை வந்திருக்குது?" என்றார் மாமனார்.

தமிழ்மதிதான் சொன்னாள்.

"வேலை நல்லபடியா முடிஞ்சுதாமுங்கப்பா. அவரு பொறுமையா நோம்பி முடிஞ்சு வரட்டும்னு எழுதியிருக்குது. தங்கமான பையன்."

வியாழக்கிழமை காலை, ஒன்பது பேரும் வரிசையில் வந்தார்கள். நான் கோபப்படவில்லை. ஓடவில்லை. சிரித்தேன். சாமியப்பனுக்கு ஆளுக்கு ஒரு செம்பு. எனக்கு ஆளுக்கு ஒரு குடம். மெயிலை அனுப்பியவன் என்பதால் இந்த வருஷம் எனக்குத் தனி மரியாதையாம்.

மத்தியானம் கிணற்றடியில் மூன்றாவது தடவையாகச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது தமிழ்மதி துண்டோடு வந்தாள்.

"தமிழு, உண்மையச் சொல்லு. அந்தக் கட்டத்துல நா டிக்க எடுத்தது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கட்டமுங்களா? மெயிலப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்?" என்று துண்டை என் தோளில் போட்டாள். "உங்களப் பத்தித்தானுங்க தெரியும்."