உட்பிரிவு அக்கா போட்ட சட்டம்

இந்த நாட்டில் சட்டம் போடுகிற இடம் மூன்று. டெல்லியில் ஒன்று, சென்னையில் ஒன்று, வடக்குப்பட்டு லேடீஸ் ஹாஸ்டலில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று. முதல் இரண்டிலும் நிறைய பேர் உட்கார்ந்து ஓட்டுப் போட வேண்டும். மூன்றாவதில் உட்பிரிவு அக்கா ஒருத்தி போதும். அவளே சட்டம் கொண்டுவருவாள், அவளே கை தூக்குவாள், அவளே மேசையைத் தட்டுவாள். மேசை இல்லாததால் என் அண்டாவைத் தட்டுவாள்.

அக்கா இப்போது இல்லை. போன ஆடியில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். இதைக் கடைசியில் சொன்னால் என்னால் தாங்க முடியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சிரிக்கலாம்.

நான் அந்த ஹாஸ்டலில் பாத்திரம் கழுவுகிறவள். பேர் செல்வி. சொந்த ஊரே வடக்குப்பட்டுதான். ஊரைச் சுற்றி எத்தனை கம்பெனி வந்தாலும், எட்டாவதோடு நின்றவளுக்குக் கேட் வரைக்கும்தான் கம்பெனி. உள்ளே போகிறவர்கள் எல்லாம் வெளியூர்ப் பெண்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம், ஒடிசா. அவர்கள் சாப்பிட்ட தட்டு என்னிடம் வரும். அந்தத் தட்டில்தான் எங்கள் வீட்டுச் சோறும் இருந்தது.

அக்கா திருநெல்வேலிப் பக்கம். காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ட்ரெய்னி. அதற்கு முன்னால் கண்ணாடிக் கம்பெனியில் ட்ரெய்னி. அதற்கு முன்னால் சீட் கம்பெனியில் ட்ரெய்னி. "ஏட்டி செல்வி, மனுசன் பொறந்து நடக்கப் படிக்கதுக்கு ஒரு வருசம். நான் ஒயர் சொருகப் படிக்கதுக்கு ஒம்போது வருசமா?" என்று கேட்பாள். ஒரு இடத்தில் பயிற்சி முடிந்தது என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

எதற்கெடுத்தாலும் அவளுக்கு ஒரு பிரிவு, அதற்குக் கீழே ஒரு உட்பிரிவு. தலைக்குக் குளிக்கிறவர்கள் பாத்ரூம் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும், பிரிவு ஏழு. எண்ணெய் வைத்துக்கொண்டவர்களுக்கு விலக்கு உண்டு, உட்பிரிவு இரண்டு. அக்கா தினமும் எண்ணெய் வைப்பாள்.

ஒருமுறை படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறப் போனோம். டிரைவர் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு பேர். எங்களையும் முன்னால் ஏறச் சொன்னான். அக்கா இடுப்பில் கை வைத்தாள். "இதுக்குச் சட்டத்துல இடமில்ல, தம்பி."

"சட்டத்துல இல்லைனா இன்னாக்கா, என் மடியில கீது. ஏறு."

அக்கா ஏறவில்லை. நடந்தே போவோம் என்று அவள் சட்டம் போட்டாள். ஒரகடம் வரைக்கும் நான் அந்தச் சட்டத்தை மனதுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன்.

"பிரிவு பிரிவுன்னு சொல்லிகினே கீறியே, காதுல கேட்டாலே அழுவ வருதுக்கா" என்று ஒருநாள் சொன்னேன்.

"பிரிவுன்னா அழுகை இல்லட்டி. அதுக்குக் கீழ உட்பிரிவுன்னு ஒண்ணு இருக்கும். அதுலதான் தப்பிக்க வழி வச்சிருப்பானுவ" என்றாள். அன்றிலிருந்துதான் அந்தப் பேர். நிஜப் பேர் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன், அதற்கும் ஏதாவது ஒரு பிரிவு வைத்திருப்பாள்.

அக்காவின் போன் கீழே விழுந்து, திரையில் மேல்பாதி கறுப்பாகிவிட்டது. அவள் மாற்றவில்லை. கீழ்ப்பாதியில் தெரிவதைப் படிப்பாள், தள்ளிப் பார்க்கப் பொறுமை இல்லாமல் மேல்பாதியை அவளே போட்டு நிரப்பிக்கொள்வாள். உலகத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பாதி செய்தி, பாதி அக்கா.

அப்படித்தான் ஒருநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் நேராகத் தொட்டிக்கு ஓடிவந்தாள்.

"ஏட்டி! ஐரோப்பாவுல ஒரு சட்டம் போட்டிருக்கானுவ. சின்னப் பிள்ளைகள ஒரு நாட்டுலேருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்புதானுவ. போயி ஊருக்கு உதவி செய்யணும், வேலை படிக்கணும். போக்குவரத்து, தங்க இடம், சோறு, கைச்செலவுக்குத் துட்டு, அடிபட்டா இன்சூரன்ஸ், எல்லாம் சர்க்கார். அந்தப் பிள்ளைகளுக்குப் பேரு வாலண்டியர்!"

தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் வாலண்டியர் என்றால் திட்டு. கூப்பிடாத சண்டைக்கு வருகிறவன், கேட்காத யோசனை சொல்கிறவன் எல்லாம் வாலண்டியர். "யார் உன்ன இஸ்துகினு வந்தது, வாலண்டியரா வந்து நிக்கிற?" என்றுதான் கேட்போம். அதற்குப் போய் சர்க்காரே பஸ் காசு கொடுக்கிறது என்றால் சிரிக்க மாட்டார்களா?

"நம்ம ஊருக்கு உண்டாக்கா அது?" என்று ஒருத்தி கேட்டாள்.

எந்தெந்த நாட்டுக்கு என்பது திரையின் மேல்பாதியில் இருந்தது. "இருக்கும்ட்டி" என்றாள் அக்கா. "முப்பது வயசு வரைக்கும் போலாம். எனக்கு இன்னும் வயசு இருக்கு." பிறகு என் அண்டாவைத் தட்டினாள். "அதுவரைக்கும் இங்க நடத்துவோம். ஒவ்வொரு ரூமும் ஒரு நாடு."

சட்டம் அன்றைக்கே அமலுக்கு வந்தது. ஒரு ரூமிலிருந்து ஒருத்தி பாயைச் சுருட்டிக்கொண்டு இன்னொரு ரூமுக்குப் போக வேண்டும். ஒரு வாரம் தங்க வேண்டும். அவள் போய்ச் சேருகிற நாட்டுக்காரர்கள் சாப்பாடு போட்டு, தைலமும் கொடுக்க வேண்டும். தைலம்தான் இன்சூரன்ஸ். பதிலுக்கு வந்தவள் அவர்களின் பாஷையும் சமையலும் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதல் ஆளாக ஒடிசா ரூமிலிருந்து சுனிதா திருநெல்வேலி ரூமுக்கு வந்தாள். காலையில் அவள் ஒரு கிண்ணத்தைத் திறந்தாள். "இது எங்க ஊர் ஸ்பெசல். பக்கால்" என்றாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் ஊற்றிய சோறு, வெங்காயம், பச்சை மிளகாய்.

"அடிப் பாவி, இது எங்க பழைய சோறுல்லா!" என்று கத்தினாள் அக்கா. "இத்தன தூரம் ரயிலேறி வந்து இதையாட்டி காட்டுத?"

இரண்டு நாடுகளும் ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டன. ஒப்பந்தம் முடிந்தது.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்து அக்கா பொதுத்தொண்டு என்று ஒரு பிரிவைச் சேர்த்தாள். நாடு விட்டு நாடு வந்தவர்கள் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டுமாம். என்ன செய்வது? கண்ணெதிரே நான்தான் இருந்தேன், மலை போலப் பாத்திரத்தோடு.

"அக்கா, நீ உக்காரும். பாத்ரம் நாங்க களுவும்" என்றாள் சுனிதா. என் கையிலிருந்த தேய்க்கும் நாரை வாங்கிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நான் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, மேலே உட்கார்ந்து டீ குடித்தேன். ஷிப்ட் முடிந்து வந்த பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று பாட்டுப் பாடிக்கொண்டே கழுவினார்கள். சொர்க்கம் என்றால் அதுதான்.

அதை மோட்டர் அண்ணன் பார்த்துவிட்டார்.

ஹாஸ்டல் முதலாளிதான் மோட்டர் அண்ணன். தலையில் சோப்பு இருக்கும்போது சரியாகத் தண்ணி மோட்டரை நிறுத்துவதால் வந்த பேர். கெட்டவர் இல்லை. ஆனால் எது சும்மா கிடைத்தாலும் அவருக்குக் கண் கலங்கிவிடும். அன்றைக்குக் கலங்கியது.

"செல்வி, ஒண்ணாந்தேதிலேருந்து நீ வர வேணாம்மா. பொண்ணுங்களே ஆசையா கழுவுதுங்களே, நாம இன்னாத்துக்கு நடுவுல?"

அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்கு முட்டி வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். நான் தட்டு கழுவவில்லையென்றால் எங்கள் தட்டு காலி. நேராக அக்காவிடம் போனேன்.

"உன் சட்டம் என் சோத்துல மண்ண போட்டுச்சுக்கா" என்றேன். "வேற இன்னாத்த சொல்ல?"

அக்கா முகம் செத்துவிட்டது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. போனை எடுத்து விரலால் மேலும் கீழும் தள்ளினாள். ஒரு வரி கறுப்புக்குக் கீழே இறங்கி வந்தது. சத்தமாகப் படித்தாள். தொண்டு செய்ய வருகிறவர்களைச் சம்பள ஆளுக்குப் பதிலாக வைக்கக் கூடாது.

"இருக்குட்டி! போட்டிருக்கானுவ! வா என்கூட."

மோட்டர் அண்ணன் ஆபீஸ் ரூமில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா முழுவதையும் படித்துக் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எந்த ஊரு சட்டம்மா இது?"

"ஐரோப்பா."

"அப்ப அங்க போயி கழுவு."

வெளியே வந்ததும் அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "சரிட்டி. சட்டத்த மீறுனாத்தான தப்பு? முழுசா நடத்திக் காட்டுவோம்" என்றாள்.

ஒண்ணாந்தேதி விடிந்தது. கழுவ ஆளில்லையே என்று மோட்டர் அண்ணன் பயப்படவே இல்லை. ஏனென்றால் வாலண்டியர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வரிசையாக. பாயோடு.

"இன்னாமா பாயி?"

"வேலை பாக்குற நாட்டுலதான தங்க இடம் குடுக்கணும்? மாடியிலேருந்து வந்திருக்கோம்" என்றாள் அக்கா. வாலண்டியர்கள் அவர் ஆபீஸ் ரூமுக்குள் நுழைந்து, ஏசிக்கு நேராகப் பாயை விரித்தார்கள். ஒருத்தி அவருடைய நாற்காலிக்கு அடியில் செருப்பை விட்டாள்.

"அப்புறம் பயணப்படி."

"இன்னா பயணம்?"

"மாடிப்படி."

"படி இறங்குனதுக்குப் படியா?"

"ஏறுதுக்கும் உண்டு."

பிறகு பயிற்சி ஆரம்பமானது. வாலண்டியருக்குப் பயிற்சி கொடுக்காமல் வேலை கொடுக்கக் கூடாது. ஒரு தட்டை ஒருத்தி பிடித்துக்கொண்டாள். ஒருத்தி அதைத் தமிழில் விளக்கினாள். சுனிதா ஒடியாவில் சொன்னாள். ராமநாதபுரத்துப் பெண் சந்தேகம் கேட்டாள். "அக்கா, முன்பக்கம் மொதல்ல கழுவணுமா, பின்பக்கமா?" அதற்கு ஓட்டெடுப்பு நடந்தது. பின்பக்கம் ஜெயித்தது. தோற்ற கட்சி வெளிநடப்பு செய்து ஏசி ரூமுக்குப் போனது. கழுவிய ஒரு தட்டுக்காக எல்லோரும் கைதட்டி, கழுவியவள் கழுத்தில் பூமாலைக்குப் பதிலாகக் கறிவேப்பிலைக் கொத்தைச் செருகினார்கள்.

அண்டாவில் பொங்கல் இருந்தது, வைத்துக் கொடுக்கத் தட்டு இல்லை. வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மோட்டர் அண்ணன் அங்கும் இங்கும் ஓடினார். கோபத்தில் போய் மோட்டரை நிறுத்தினார். "தண்ணி இல்லைன்னா வாலண்டியருக்கு ஓய்வு" என்றாள் அக்கா. எல்லோரும் பாயில் படுத்துவிட்டார்கள்.

கேட்டுக்கு வெளியே நின்று, திறந்த வாசல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மனிதர் கோபத்தில் எல்லோரையும் ரூமைக் காலி செய்யச் சொன்னால்?

அவர் வெளியே வந்தார். வேர்த்துக் கொட்டியது. "யம்மா செல்வி, உள்ள வா தாயி. நாலு ஆளு கூலி குடுத்தாலும் குடுப்பேன், இந்த வாலண்டியர் மட்டும் வேணாம்."

நான் காலை எடுத்து வைத்தேன். உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். "நில்லுட்டி! ட்ரெய்னியா, பெர்மனன்ட்டா? கேட்டுட்டு உள்ள வா."

மோட்டர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "பெர்மனன்ட்டுமா, பெர்மனன்ட்டு! போயி தட்ட கழுவு!"

அக்கா என் அண்டாவைத் தட்டினாள். சட்டம் நிறைவேறியது. அந்த ஹாஸ்டலில் அத்தனை பேரும் ட்ரெய்னி. பெர்மனன்ட் நான் ஒருத்திதான். அதற்கு அக்கா பொறாமைப்பட்டதே இல்லை. புதிதாக வருகிறவர்களிடம், "இவ எங்க பெர்மனன்ட்" என்று தங்கச்சியைக் காட்டுவதுபோல என்னைக் காட்டுவாள்.

ரூம் மாறுகிற சட்டம் மட்டும் தொடர்ந்தது. அக்காவே ஒரு வாரம் ஒடிசா நாட்டுக்குப் போனாள். ஒரு வார்த்தைகூடக் கற்றுக்கொள்ளாமல் அவர்களுக்குத் திருநெல்வேலித் தமிழைக் கற்றுக்கொடுத்துவிட்டுத் திரும்பினாள். சுனிதா இப்போதும் போனில் தன் அம்மாவை "ஏட்டி" என்கிறாள்.

காய்ச்சல் வந்தபோது மூன்று நாட்டுக்காரர்களும் மாறி மாறி அவளோடு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். யாரும் ஷிப்ட் போடச் சொல்லவில்லை, பிரிவு சொல்லவில்லை. அவளை ஊருக்கு எடுத்துப் போனபோது வேனில் சுனிதாவும் ஏறிக்கொண்டாள். நான் அம்மாவை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக முடியவில்லை. கேட்டில் நின்றேன்.

இந்தப் பிரிவுக்குக் கீழே ஏதாவது போட்டிருக்கிறாளா என்று நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை.

அவள் வீட்டுக்காரர்கள் பெட்டியையும் போனையும் எடுத்துப்போனார்கள். அலமாரியில் இருந்த சாப்பாட்டுத் தட்டு மட்டும் விட்டுப்போய்விட்டது. ஓரத்தில் சொட்டை விழுந்த தட்டு. அண்டாவைத் தட்டக் கரண்டி கிடைக்காத நாட்களில் அவள் அதை வைத்துத்தான் தட்டுவாள். தினமும் கடைசியாக அதைக் கழுவித் துடைத்து வைக்கிறேன்.

போன வாரம் மோட்டர் அண்ணன் பின்னால் வந்து நின்றார். மோட்டரை நிறுத்துகிற நேரம்.

"அதுலதான் யாரும் துன்றதில்லையே. அந்தத் தட்ட இன்னாத்துக்குமா தெனம் கழுவிகினு கீற?"

"இது சம்பளத்துல சேராதுண்ணே," என்றேன். "வாலண்டியர்."

அவர் சுவிட்ச்சில் வைத்த கையை எடுத்துக்கொண்டு, நிறுத்தாமல் போனார்.