கந்தையரின் இயந்திரத்தைக் காட்டிக்கொடுத்த கடிதம்

இயந்திரத்தின் இலக்கத்தைக் கம்பனிக்காரர் கேட்பது குற்றவாளியைப் பிடிக்கத்தான் என்று நான் மனதார நம்பியிருந்தேன். (சிரிக்காதீர்கள். பொலிஸ்காரர் சைக்கிள் இலக்கத்தைக் கேட்பது வேறெதற்கு?)

அறுபதுகளின் நடுப்பகுதி. கண்டாவளையில் எங்கள் குடியேற்றத்துக்கு ஒரு கம்பனி தண்ணீர் இறைக்கும் இயந்திரம் இரண்டைக் கொண்டுவந்து தந்தது. கடைக்கு இன்னும் வராதவை. எங்கள் வயலில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் விற்பார்களாம். ஒன்று எனக்கு, மற்றது பக்கத்து வயல் கந்தையருக்கு. "பழுது வந்தால் தகட்டிலை இருக்கிற இலக்கத்தோடை எழுதுங்கோ" என்று மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

தை பிறந்து, நெல் கதிர்விடக் குடலை தள்ளும் நேரம், என்னுடையது இருமத் தொடங்கியது. சத்தம் வரும், தண்ணீர் வராது. வாய்க்காலும் வற்றிவிட்டது. ஒரு கிழமைக்குள் தண்ணீர் பாயாவிட்டால் முழுவதும் மணியில்லாத சப்பிதான். எனக்கோ வேறு கலக்கம். கீச்சிடுகிறதென்று முதல்நாள்தான் அதற்குள் தேங்காயெண்ணெய் விட்டிருந்தேன். கொலை செய்தவன் போல ஒளித்திருந்து, பெயர் போடாமல் கடிதம் எழுதினேன். இலக்கம்? கந்தையர் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவருடையதைப் பார்த்தெழுதினேன். (இரண்டும் ஒரே பச்சை நிறம். மருந்து வந்தால் வாங்கி என்னுடையதுக்குப் போட்டால் போச்சு என்பது என் விஞ்ஞானம்.)

மூன்றாம் நாள் மெக்கானிக் பஸ்ஸில் வந்திறங்கி, இலக்கத்தின்படி நேரே கந்தையரின் வயலுக்குப் போய்விட்டார். கந்தையர் பரந்தனுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அவருடைய இயந்திரம் சாக்கின் மேல் கருவாடு போலப் பரப்பிக் கிடந்தது.

"ஓடிக்கொண்டிருந்த சாமானை ஏனடாப்பா உரிச்சனீ?"

"பழுதெண்டு எழுதியிருக்கு ஐயா. நானும் காலமையிலிருந்து தேடுறன், பழுதைக் காணேல்லை."

"ஆர் எழுதினது?"

நான் வரம்புக்குப் பின்னால் நாரையைப் போல அசையாமல் நின்றேன். (நாரை இடுப்பில் சாரம் கட்டுவதில்லை. பிடிபட்டேன்.)

சத்தம் கேட்டு என் மனைவி பரிமளம் வந்தா. "உங்கடை மெசினுக்குக் காய்ச்சலெண்டு கந்தையரின்ரை மெசினை ஆசுப்பத்திரிக்கு அனுப்பினனீங்களோ?" என்றா. கொப்பித் தாளும் பென்சிலுமாக என் இயந்திரத்தடியில் குந்தினா. பொங்கலுக்கு நான் தகட்டில் பூசிய சந்தனம் சீமெந்தாக இறுகியிருந்தது. அதைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தா. இலக்கம் அச்சொட்டாகத் தாளில் ஏறியது, கடைசியில் இரண்டு சின்னப் புள்ளிகளோடு.

"புள்ளி என்னத்துக்கு? விடும்" என்றேன்.

"அவையள் சும்மா குத்துவினமோ? நீங்கள் கொஞ்சம் பேசாமல் நில்லுங்கோ."

தாளைக் கண்டதும் மெக்கானிக் எழும்பிவிட்டார். "அக்கா, இது ரெண்டாந்தரம் மாத்திச் செய்தது! ஐயாவின்ரை முதல் செய்தது. அதுதான் நான் தேடியும் கிடைக்கேல்லை."

நான் கையைக் கட்டிக்கொண்டு முன்னே போனேன். "தம்பி, தேங்காயெண்ணெய் விட்டது நான்தான்."

"அது கிடக்கட்டும் அண்ணை. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

வேலை முடிந்து போகும்போது, அந்தத் தாளை மடித்தால் புள்ளி அழிந்துவிடுமென்று சுருட்டி எடுத்துக்கொண்டு போனார் மனிதர். பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்த இயந்திரம் முரண்டு பிடித்தாலும் சனம் பரிமளத்தைத்தான் கூப்பிட்டது. இன்றும் எங்கள் வீட்டில் ஆராவது தன் பிழையை மற்றவர் தலையில் போட்டால், "கந்தையருக்கு எழுதியாச்சு" என்று பிள்ளைகள் கத்துவார்கள்.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு புள்ளி குத்தியவற்றுக்கு வைத்த இறப்பர் வாசர் வளையம் மெல்லிசு, தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்துவிட்டது. தடித்த வாசர் ஒன்று போட்டு, கந்தையருடையதையும் பூட்டி முடிக்க, அன்றே பொழுதுபடுமுன் இரண்டு வயலிலும் தண்ணீர் பாய்ந்தது.