ராடென் லெமுவின் வால் வீழ்ந்த படலம்

வாழ்க, சோலோ நகரத்துச் சந்துக் காவலர், வெட்டுக்கிளி வழங்கும் வள்ளல், கண்ணாடிக் கோட்டையை நாள்தோறும் துடைக்கும் ஈரத்துணிக் கரத்தினர், அஞ்சலகத்தில் முத்திரை குத்தும் மூன்றாம் மேசை முதல்வர், ஊரார் 'ஐயா' என்னும் பொருளில் 'பாக்' என்றழைக்கும் பாக் ஹர்யந்தோ!

அன்னார் வளர்த்த சிறுத்தைப் பல்லி ராடென் லெமுவின் வாலை என்னென்று பாடுவது? கழுத்தினும் பருத்து, முள்ளங்கியினும் கொழுத்து, புள்ளி பொலிய அசைந்த அவ்வாலை நம்பித்தான், கொழுத்த வாலுடைய பல்லிக்கு வழங்கும் பருவால் கோப்பையை மூன்றாண்டுகளாக வென்று வாசல் பக்க அலமாரியில் வேண்டுமென்றே வைத்திருக்கும் எதிர்வீட்டு பாக் திர்த்தோவை, விடிந்தால் நடக்கும் ஞாயிற்றுப் போட்டியில் மண்ணைக் கவ்வ வைப்பதாகச் சூளுரைத்து, அதைத் தெரு முழுக்கச் சொல்லியும் தொலைத்திருந்தார் நாயகர்.

அந்தோ, சனி மாலை லெமு வெட்டுக்கிளியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது! உடம்புக்குள் காற்றுப் புகுந்துவிட்டதென்று அக்கணமே தெளிந்தார் பாக் ஹர்யந்தோ. சோலோவில் சோறு வேண்டாமென்பவர் எவருக்கும் நோய் அது ஒன்றே. மருந்தும் ஒன்றே: தைலம் பூசி, செப்புக்காசால் முதுகைச் சிவக்கச் சுரண்டுவது.

"தோல் உரிக்கப் போவுது பாக், அதான் திங்கல," என்றார் மனைவி ரெத்னோ, காலடியில் பூனை சுற்றிவர, எண்ணெயில் வேகும் சோயாத் தெம்பேயிலிருந்து கண்ணெடுக்காமல். "பல்லிக்குப் போயி யாராச்சும் காசு தேய்ப்பாங்களா?"

"போன வாரம் ஒன் தலைவலி எதுல போச்சு? இதே காசுலதான?" என்று முழங்கினார் நாயகர்.

தைல மணம் போர்க்களப் புழுதியெனக் கூரை முட்ட, இடக்கையில் லெமுவும் வலக்கையில் சக்கராயுதம் நிகர் செப்புக்காசுமாக அவர் நின்ற கோலம் கண்டு சுவர்ப்பல்லிகளும் ஒடுங்கின. முதல் தேய்ப்பு கழுத்தில், இரண்டாவது முதுகில், மூன்றாவது வாலடியில் பட்டதும், முடியிழந்த மன்னனை விட்டோடும் படையென வால் உடலைத் துறந்து தரையில் குதித்து, துள்ளி, சுழன்று, சமையலறை வாசல்வரை தனியே படையெடுத்துச் சென்று ஓய்ந்தது. லெமுவோ, யாருடைய வாலோ என்பதுபோல் பார்த்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டது.

"காத்து எறங்கிடுச்சா பாக்?" என்றார் ரெத்னோ.

கலங்கினார், ஆயினும் கவிழ்ந்தாரல்லர். அளக்கப்போவது வாலை, வால் இதோ கிடக்கிறது, பல்லியும் உடன் வரவேண்டுமென்று எந்த விதியும் உரைக்கவில்லை, ஆகவே பட்டில் ஏந்திச் சென்று திர்த்தோவின் கண்முன் வைப்பேன் என்று விண்ணதிரப் பறைசாற்றி, மணநாளில் உடுத்திய மெழுகுச் சித்திரப் பாத்திக் பட்டுத்துணியைப் பெட்டியின் அடியிலிருந்து உருவிக்கொண்டு, வெற்றித்தேர் ஏறியவர்போல் சமையலறை வாசலுக்கு வந்தார்.

வாலைப் பூனை தின்றுவிட்டது.